‘ஒன்றிப்பு’ ஒன்றே போதுமா? – எக்குமெனிசத்துக்குச் சொல் தேடல்

அன்பின் குழுவினர்க்கு,
திருச்சபை வரலாற்றுப் பாடநூலில் ஓர் இயல் வெள்ளிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். பிரிந்த கிறித்தவச் சபைகள் ஒன்றாகும் முயற்சியான எக்குமெனிசத்தை அதில் ‘ஒன்றிப்பு’ என்கிறோம். 1928இல் திருத்தந்தை 11ஆம் பயஸ் ‘மொர்த்தாலியும் அனிமோஸ்’ சுற்றுமடலில், பிரிந்தவர்கள் உரோமையிடம் திரும்புவதே வழி என்றார்; கத்தோலிக்கர் ஒன்றிப்பு மாநாடுகளில் பங்கேற்கக் கூடாது என்றும் தடுத்தார். 1964இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்த ஒன்றிப்பு இயக்கத்தையே தூய ஆவியாரின் அருளால் வளர்வது என ஏற்றது. 2005இல் கொலோன் நகரில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், ‘திரும்பி வரும் எக்குமெனிசம்’ நாம் வேண்டுவது அன்று என்றார். மூன்று இடத்திலும் வெறும் ‘ஒன்றிப்பு’ என்று போட்டால் மாணவர் குழம்புவார்கள். 1928க்கு ‘மீள்சேர்ப்பு’ எனலாமா?
– செ.

செ. ஐயா,
‘ஒன்றிப்பு’ என்ற சொல்லிலேயே கோளாறு. பிரிவு தன்வினை, பிரிப்பு பிறவினை. அதே வாய்பாட்டில் ஒன்றிப்பு என்றால் ஒருவர் மற்றவரை இழுத்துச் சேர்ப்பது. 11ஆம் பயஸுக்கு அது பொருந்தும், சங்கத்துக்குப் பொருந்தாது. ‘ஒன்றல்’ என்று எழுதுங்கள்.
– ம.

ம. அவர்களே, அந்த வாய்பாடு எல்லாவற்றுக்கும் ஓடாது. சிரிப்பு, தவிப்பு, சலிப்பு எல்லாம் பிறவினையா? ‘ஒன்றித்து வாழ்தல்’ என்கிறோமே, ஒன்றித்தல் அங்கே தன்வினைதான். கத்தோலிக்க வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்க வேண்டாம்.
– த.

வேர்ச்சொல்லையும் பாருங்கள். கிரேக்கத்தில் ஓய்க்கோஸ் என்றால் இல்லம். ஓய்க்குமெனே என்றால் குடியிருக்கும் உலகம். நம் ‘குடி’யும் இல்லத்தையும் இனத்தையும் ஒருசேரக் குறிக்கும். ‘குடியுலகியம்’ என்ற தூய தமிழ்ச்சொல் இருக்க, எக்குமெனிசம் எதற்கு?
– இ.

இ. ஐயா, பதினைந்து வயது மாணவர் அதைக் குடியேற்றம் பற்றிய பாடம் என்று நினைப்பார். இன்னொன்று: உலக ஆயர்கள் கூடும் எக்குமெனிக்கல் கவுன்சிலை நாம் ‘பொதுச்சங்கம்’ என்கிறோம். அங்கே அதே அடைமொழி ‘பொது’ ஆகிவிட்டது. சீர்திருத்தச் சபைகள் நம்பிக்கை அறிக்கையில் ‘கத்தோலிக்க’ என்பதையும் ‘பொதுவான’ என்றே சொல்கின்றன. ஆகவே ‘பொது’வும் கைக்கு உதவாது.
– த.

‘மீள்’ முன்னொட்டை 1928க்கு மட்டும் ஒதுக்க முடியாது. சங்கம் 1964இல் தந்த ஒன்றிப்பு ஆணையின் முதற்சொற்கள் ‘ஊனித்தாத்திஸ் ரெதிந்தெக்ராத்சியோ’. ஒற்றுமையை மீண்டும் முழுமையாக்குதல் என்று பொருள். ‘ரெ’ அங்கேயே இருக்கிறது. அதே ஆணையின் 4ஆம் எண், அந்த ஒற்றுமை கத்தோலிக்கத் திருச்சபையில் இழக்கப்படாமல் நிலைத்திருக்கிறது என்றும் சொல்கிறது. வேறுபாடு ‘மீள்’ என்பதில் இல்லை. யார் நகர்வது என்பதில்தான். அதனால் ‘திரும்பல்வழி ஒன்றிப்பு’ என்று விரித்தே எழுதுங்கள்.
இயலில் மரபு பற்றி வரும் பத்தியிலும் கவனம் தேவை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் வரும் ஒருமை ‘ட்ரெடிஷன்’ திருத்தூதர் வழிவந்த நம்பிக்கை; சிறிய எழுத்துப் பன்மை காலந்தோறும் வந்த வழக்கங்கள். தமிழில் பெரிய எழுத்து இல்லை. முதலாவது ‘திருமரபு’, மற்றவை ‘மரபுகள்’. பழைய இலத்தீன் திருப்பலிக்கு 2007இல் பெனடிக்ட் வழிவிட்டதையும் 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதை இறுக்கியதையும் சொல்லும்போது இரண்டும் கலந்தால் பத்தியே பொருள் மாறிவிடும்.
– கு.

நன்றி. த., கு. இருவர் சொன்னபடி ‘ஒன்றிப்பு’ தலைச்சொல். 1928க்கும் கொலோன் உரைக்கும் ‘திரும்பல்வழி ஒன்றிப்பு’. திருமரபு, மரபுகள் பிரித்தே வரும். எக்குமெனிசம் முதல்முறை மட்டும் அடைப்புக்குறிக்குள்.
– செ.

எனக்கு உடன்பாடில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். 2009இல் அதே பெனடிக்ட், இங்கிலாந்துத் திருச்சபை மரபினரான ஆங்கிலிக்கர் தங்கள் வழிபாட்டுச் செல்வத்தோடு குழுவாகக் கத்தோலிக்கத் திருச்சபைக்குள் வரத் தனி ஆளுகை அமைப்பைத் தந்தார். வந்தவர்கள் தங்கள் வரலாற்றைத் துறக்கவில்லை. ஆனால் நகர்ந்தவர்கள் அவர்கள்தான். இதை எந்தச் சொல்லில் அடைப்பீர்கள், செ. ஐயா?
– ம.