குலுக்கலில் பள்ளி இடம்: மும்பைத் தமிழ்க் குடும்பங்களின் அனுபவப் பகிர்வு

கோலிவாடா அக்கா:

புது வருஷம் பிறந்ததும் எங்கள் கட்டடத்தில் ஒரே பேச்சுதான். "அக்கா, ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) ஃபார்ம் எப்போ திறக்கிறாங்க? முனிசிபாலிட்டி சிபிஎஸ்இ ஸ்கூலுக்கும் சேர்த்துப் போடலாமா?" சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில் பக்கம் நம் குடும்பங்களுக்கு ஃபார்ம் நிரப்பிக் கொடுப்பது என் வழக்கம். அதனால் நிறையப் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

நடப்பது இரண்டு குலுக்கல். ஒன்று, 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்கானது. மாநிலம் முழுக்க ஆன்லைனில் ஒரே குலுக்கல், பெயர் வந்தால் போனுக்கு மெசேஜ் வரும். இன்னொன்று, மாநகராட்சியே நடத்தும் சிபிஎஸ்இ பள்ளிகளுக்கானது. 2020-இல் ஜோகேஸ்வரி பூனம் நகரில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியும், வூலன் மில்லில் ஒரு ஐசிஎஸ்இ பள்ளியும் ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷமே காணே நகர், பிரதீக்ஷா நகர், ராஜாவாடி, செம்பூர் அஜீஸ் பாக் என்று இன்னும் பத்து சிபிஎஸ்இ பள்ளிகள். கட்டணம் கிடையாது. ஆகவே கூட்டம் அலைமோதுகிறது.

எங்கள் மாடியில் ஒரே வயதில் இரண்டு பெண் குழந்தைகள். இரண்டு பேருக்கும் நான்தான் ஃபார்ம் போட்டேன். ஒருத்திக்கு விழுந்தது, இன்னொருத்திக்கு விழவில்லை. விழாத பிள்ளையின் அம்மா மாட்டுங்காவில் வீட்டு வேலை செய்பவள். பக்கத்து முனிசிபல் பள்ளியில் போய்ப் பார்த்தாள். ஒரே அறையில் இரண்டு வகுப்பு, ஒரே டீச்சர். பேசாமல் திரும்பி வந்து, வேலைக்கு இன்னும் ஒரு வீட்டைச் சேர்த்துக்கொண்டு, பிள்ளையை மாதக் கட்டணம் வாங்கும் ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியத்தில் போட்டாள். இப்போது காலையில் அவள் கிளம்பும்போது பிள்ளை எழுந்திருப்பதே இல்லை. சடை பின்னி, டிபன் கட்டி அனுப்புவது பாட்டிதான்.

குலுக்கலில் யாரும் தில்லுமுல்லு செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒரே மாநகராட்சி, ஒரே வரிப்பணம். அதில் ஒரு பிள்ளைக்கு நல்ல பள்ளி, மற்றதற்குக் கிடைத்த பள்ளி என்று பிரிப்பது நியாயமா? தோற்ற வீட்டுக்கு ஆகும் செலவை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள்?

90 அடி ரோடு:

அக்கா, நீங்கள் குலுக்கலில் தோற்றவர்களைச் சொல்கிறீர்கள். எங்கள் தாராவியில் குலுக்கலுக்குள் பேரே போகாதவர்கள் அதைவிட அதிகம்.

என் தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். வந்தது 1960-களில். அப்பா பிறந்தது, நான் பிறந்தது, என் மகன் பிறந்தது எல்லாம் இங்கேதான். ஊரில் எங்களுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் உண்டு. ஆர்டிஇ விண்ணப்பத்தில் வேறு மாநிலச் சான்றிதழ் செல்லாது. சரி, மகாராஷ்டிரா சான்றிதழ் வாங்கலாம் என்று போனால், 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இந்த மாநிலத்தில் இருந்ததற்குக் காகிதம் கேட்கிறார்கள். தாத்தா வந்ததே அதற்குப் பிறகு. அரசுச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்கும் சேது கேந்திரத்தில் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் அந்தப் பையன் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் ஒன்றும் நடக்காது, வருமானப் பிரிவில் போடுங்கள்" என்றான்.

வருமானப் பிரிவு என்றால் ஆண்டுக்கு 1 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாதம் 8,333 ரூபாய். மும்பையில் வாடகை கொடுத்து, சமைத்துச் சாப்பிட்டு, மாதம் 8,333-இல் குடும்பம் நடத்துபவர் யார்? நான் லெதர் பேக் பட்டறையில் தையல் மெஷின் ஓட்டுகிறேன். சீசன் நன்றாக இருந்தால் அதைத் தாண்டிவிடும். பொய்யாக வருமானச் சான்று வாங்கித் தருவதாக ஏஜென்ட் ஒருவர் வந்தார். வேண்டாம் என்றேன். நாளைக்குச் சரிபார்ப்பில் பிள்ளையை வெளியே அனுப்பினால் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

இதில் கொடுமை என்னவென்றால், மகாராஷ்டிராவின் பட்டியல் சாதிச் சான்றிதழ் இருந்தால் வருமான வரம்பே கிடையாது. அவர்களுக்குக் கிடைப்பது அவர்கள் உரிமை, அதை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். அதே சாதி, அதே சால் (வரிசை வீடு), அதே தண்ணீர்க் குழாய். என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை என்றுதான் கேட்கிறேன்.

அப்புறம் வாடகைக்காரர் பாடு. முகவரிச் சான்றாகப் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம்தான் செல்லும். எங்கள் சந்தில் எந்த வீட்டுக்காரர் பதிவுக்குச் சம்மதிப்பார்? நாளைக்கு ரீடெவலப்மென்ட் வரும், குடியிருப்பவர் உரிமை கேட்பார் என்ற பயம் அவருக்கு. அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது ஆறு வயதுப் பிள்ளை.

பிரதீக்ஷா நகர் அப்பா:

எங்கள் வீட்டில் இரண்டு குலுக்கலும் பலித்தது. மகளுக்கு ஆர்டிஇ-யில் தனியார் பள்ளி. மகனுக்கு மாநகராட்சி சிபிஎஸ்இ. அதனால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

மகன் பள்ளியைப் பற்றி மனதாரச் சொல்கிறேன், நன்றாக இருக்கிறது. மாநகராட்சி கொடுக்கும் 27 பொருட்கள் அப்படியே கைக்கு வந்துவிடுகின்றன. சீருடை, ஷூ, பை, நோட்டு எதற்கும் நான் கடைக்குப் போவதில்லை. பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் உட்காரச் சொல்லிப் பேசுகிறார்.

மகள் பள்ளியின் பெயர் வேண்டாம். படிப்புக் கட்டணம் இல்லை, உண்மை. ஆனால் நோட்டுக்கு மேல் பள்ளியின் சின்னம் அச்சடித்த அட்டை வேண்டும், அது பள்ளிக் கவுன்டரில் மட்டும்தான் கிடைக்கும். ஆண்டு விழாவுக்கு உடை, பிக்னிக், கம்ப்யூட்டர் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வரும். கட்ட முடியாது என்று சொன்ன அன்று அவளை வகுப்பில் தனியாகப் பெயர் கூப்பிட்டு எழுந்து நிற்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்து, "அப்பா, பிக்னிக் எனக்குப் பிடிக்காது" என்றாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

பள்ளிக்காரர்கள் தரப்பையும் சொல்ல வேண்டும். ஒரு ஆர்டிஇ பிள்ளைக்கு அரசு ஆண்டுக்கு 17,670 ரூபாய் திருப்பித் தர வேண்டும். அது வருஷக்கணக்கில் பாக்கி நிற்பதாகப் பள்ளிகள் புகார் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அரசு தராத பணத்தைப் பிள்ளைகளிடம் பிடுங்குகிறார்கள்.

பெரிய அடி 8-ஆம் வகுப்பு முடிந்ததும் வரும். சட்டம் அதுவரைதான். 9-ஆம் வகுப்புக்கு முழுக் கட்டணம் கட்டு, இல்லை டிசி வாங்கிக்கொண்டு போ என்றார்கள். நகையை அடகு வைத்துக் கட்டினோம். அக்கா கேட்டது தோற்ற வீட்டுச் செலவு. ஜெயித்த வீட்டுக்கும் செலவு இருக்கிறது, அது தாமதமாக வருகிறது, அவ்வளவுதான்.

அதற்காகக் குலுக்கல் வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லாப் பள்ளியும் சரியாகும்வரை என் பிள்ளை காத்திருக்க முடியாது. குலுக்கல் இல்லாத காலத்தில் இந்த இடங்கள் யாருக்குப் போயின? கார்ப்பரேட்டர் சிபாரிசு இருந்தவருக்கும் டொனேஷன் கொடுத்தவருக்கும் போயின. கணினி என் முகத்தைப் பார்க்கவில்லை, என் மராத்தியின் உச்சரிப்பைக் கேட்கவில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர்:

தம்பி சொல்வது புரிகிறது. சிபாரிசுக்குக் குலுக்கல் ஆயிரம் மடங்கு மேல். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்லியாக வேண்டும்.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. நான் வேலை பார்த்தது தமிழ் வழிப் பள்ளியில். குலுக்கலுக்கு விண்ணப்பிப்பவர் யார் என்று பாருங்கள். ஆன்லைன் ஃபார்ம் தெரிந்தவர், அல்லது தெரிந்தவரைத் தேடிப் போகத் தெரிந்தவர். ஒரு நாள் கூலியை விட்டுத் தாசில்தார் அலுவலகம் போக முடிந்தவர். என் வகுப்பில் பெற்றோர் கூட்டத்துக்குத் தவறாமல் வந்தவர்கள், கழிவறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று அதிகாரியிடம் போய்ச் சண்டை போட்டவர்கள், அவர்கள்தான் முதலில் போனார்கள். போனது பிள்ளைகள் மட்டும் அல்ல, பள்ளிக்காகக் கேள்வி கேட்கும் வாய்களும் போய்விட்டன. மிஞ்சியவர்கள், விடிகாலை நாலு மணிக்கு மீன் எடுக்க சாசூன் டாக் போகும் அம்மாக்கள். அவர்கள் எந்தக் கூட்டத்துக்கு வருவார்கள்?

எண்ணிக்கை குறைந்ததும் வகுப்புகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். கோலிவாடா அக்கா சொன்ன ஒரே அறை, இரண்டு வகுப்பு அப்படி வந்ததுதான். அதற்கு மேல் தேர்தல் வேலை, வாக்காளர் பட்டியல் வேலை என்று டீச்சரையும் இழுத்துக்கொள்வார்கள். 2021-இல் எல்லா மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் மும்பை பப்ளிக் ஸ்கூல் என்று பெயர் வைத்தார்கள். பெயர்ப் பலகையோடு டீச்சர்களையும் அனுப்பியிருந்தால் நான் கும்பிட்டிருப்பேன்.

தனியார் பள்ளிக்கு ஆர்டிஇ குலுக்கல் இருக்கட்டும். அது பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார வழி. மாநகராட்சி தன் சொந்தப் பிள்ளைகளுக்குள் குலுக்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. காணே நகர் பள்ளியில் இருப்பது பக்கத்துப் பள்ளியிலும் இருக்க வேண்டும். வகுப்புக்கு ஒரு டீச்சர், அது போதும், மற்றதெல்லாம் தானாக வரும். தனியாருக்குத் தரும் 17,670-ஐ இங்கே கொடுத்தால் ஆகாதா?

பிரதீக்ஷா நகர் அப்பா:

டீச்சர், கடைசி வரியில் மட்டும் மாறுபடுகிறேன். அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு, அல்லது தனியார் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதைத்தான் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே ஆர்டிஇ பிள்ளையால் கஜானாவுக்கு நஷ்டம் இல்லை. டீச்சர் இல்லாத வகுப்புக்கு டீச்சர் போடாததற்கு எங்கள் பிள்ளைகள் காரணம் ஆக முடியாது. மற்றதெல்லாம் நீங்கள் சொன்னது சரி.

பெங்களூரு சித்தப்பா:

முன்பு செம்பூர்வாசி, இப்போது அல்சூர். கர்நாடகாவில் 2018 கடைசியிலேயே விதியை மாற்றிவிட்டார்கள். பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியாரில் ஆர்டிஇ இடம் கிடையாது. நகரத்தில் எந்தத் தெருவுக்குப் பக்கத்தில் அரசுப் பள்ளி இல்லை? 2019-இல் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் மூத்த பிள்ளை ஆர்டிஇ-யில் தனியார் பள்ளி, சின்னவனுக்கு அந்த வழியே இல்லை. குலுக்கலை எடுத்ததால் அரசுப் பள்ளி தூக்கி நிறுத்தப்பட்டதா என்றால், அவன் வகுப்பில் நான் அப்படி எதையும் பார்க்கவில்லை. டீச்சர் அம்மா இதையும் யோசிக்க வேண்டும்.

கோலிவாடா அக்கா:

சித்தப்பா சொன்னது இங்கேயும் நடக்கப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிரா அரசு அதே மாதிரி விதி கொண்டுவந்தது. 1 கிலோமீட்டருக்குள் அரசு அல்லது உதவி பெறும் பள்ளி இருந்தால் தனியார் பள்ளிக்கு விலக்கு. எங்கள் பகுதியில் பட்டியலைத் திறந்தால் முனிசிபல் பள்ளிகளின் பெயர்தான் வந்தது. மே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் தடை போட்டது, ஜூலையில் ரத்தே செய்தது, ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் ஆமோதித்தது. வழக்குப் போட்டவர்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும். ஆனால் ஜூனில் பள்ளி திறந்து மழையும் பிடித்துக்கொண்டது, குலுக்கல் முடிவு வந்தது ஜூலையில். நான் ஃபார்ம் போட்ட பிள்ளைகள் அதுவரை எந்தப் பள்ளிக்கும் போகாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொன்று, உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்புக்குப் பிறகு சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்த 25 சதவீதம் கிடையாது. நம் தமிழர்கள் கட்டிய மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளும் அதில் அடக்கம். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டால் என்ன, 90 அடி ரோடு தம்பியின் மகனைப் போன்ற பிள்ளைக்கு நம் சங்கங்களும் அறக்கட்டளைகளும் தாங்களாகவே சில இடங்களை ஒதுக்கலாமே. இதைப் பொங்கல் விழா மேடையில் கேட்க வேண்டும், நான் கேட்கப் போகிறேன். டீச்சர், நீங்களும் வாருங்கள், உங்கள் பேச்சுக்கு மரியாதை உண்டு.

90 அடி ரோடு:

வருகிறேன் அக்கா. என் மகன் வயது தாண்டிவிட்டது, தம்பி மகள் இருக்கிறாள். அடுத்த முறைக்கு எதை முதலில் தயார் செய்ய வேண்டும்?

கோலிவாடா அக்கா:

வாடகை ஒப்பந்தம்தான் முதலில், தம்பி. விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே பதிவாகியிருக்க வேண்டும், பிறகு போட்டால் செல்லாது. வீட்டுக்காரர் மறுத்தால் என்னைக் கூப்பிடு, நேரில் வந்து பேசுகிறேன். பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்தும் ஆதாரில் பெயர் எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பார். மேப்பில் வீட்டைக் குறிக்கும்போது சந்தின் வாசலில் வைக்காதே, வீட்டு மேலேயே வை. 1 கிலோமீட்டருக்குள் இருப்பவருக்குத்தான் முதல் வாய்ப்பு, அந்தச் சந்து நீளத்தில் பள்ளி தூரமாகப் போய்விடும். கூடவே மாநகராட்சி சிபிஎஸ்இ விண்ணப்பத்தையும் போட்டு வை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் இருப்பேன், காகிதங்களோடு பிள்ளையின் அம்மாவையும் அனுப்பு.