தினசரி ஓட்டத்துக்கு எடை குறைந்த அலாய் வீல்: ஆஃப்செட் 38 சரிவருமா?

வணக்கம். இப்போது காரில் உள்ளது 15 அங்குல இரும்பு வீல்: அகலம் 5.5 அங்குலம், ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் வரை உள்ள தூரம்; எண் குறைந்தால் வீல் வெளியே தள்ளும்) 45 மி.மீ., நான்கு நட்டு, 100 மி.மீ. பி.சி.டி. (நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), நடுத்துளை 54.1 மி.மீ., டயர் 185/65.

பார்த்து வைத்திருப்பது ஃப்ளோ ஃபார்ம்டு (வார்த்தபின் விளிம்பைச் சூடாக்கி உருட்டி மெலிதாக்கிய) அலாய் வீல். அகலம் 6, ஆஃப்செட் 38. கணக்குப்படி வெளிவிளிம்பு சுமார் 13 மி.மீ. வெளியே தள்ளும், உள்பக்கம் கிட்டத்தட்ட மாறாது. நான்கு பேரும் சுமையும் ஏறி ஸ்பிரிங் அமுங்கும்போது பின் டயர் ஃபெண்டரில் (சக்கரத்தின் மேலுள்ள பாடி விளிம்பில்) உரசுமா? ஆஃப்செட் 42 கிடைத்தால் அதுதான் நல்லதா?

புது வீலின் நடுத்துளை 67.1 மி.மீ. ஹப் வளையம் (ஹப்புக்கும் பெரிய நடுத்துளைக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் வளையம்) இல்லாமல் மாட்டினால் மையம் விலகி ஸ்டீயரிங் அதிரலாம். வளையம் பிளாஸ்டிக்கா அலுமினியமா? பிரேக் சூட்டை நினைத்தால் எனக்கு அலுமினியமே சரி என்று படுகிறது. ஆனால் அது அரிப்பு ஏறி ஹப்பில் ஒட்டிக்கொள்கிறதா?

முன் அச்சின் உச்ச சுமை 820 கிலோ. அதில் பாதி ஒரு வீலுக்கு; வீலில் தாங்கும் சுமை 410 கிலோவுக்குக் குறைவாகப் பொறித்திருந்தால், எவ்வளவு எடை குறைந்தாலும் வேண்டாம். குண்டும் குழியுமான சாலையில் இந்த வகை வீலை ஓட்டுபவர்கள், விளிம்பு நெளிந்ததா விரிசல் விட்டதா என்று சொல்லுங்கள்.