கிராபிக்ஸ் கார்ட் பாதி சும்மா இருக்கிறது, கேமில் பிரேம் (நொடிக்கு வரும் படங்கள்) ஏறவில்லை. உதவி தேவை

வணக்கம் அண்ணாமார், அக்காமார். வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். என் கம்ப்யூட்டரில் ரைசன் 5 3600 புரொசசர், பி450 மதர்போர்ட், 16 ஜிபி ராம் (ஒரே ஸ்டிக்). போன மாதம் காசு சேர்த்து ஆர்டிஎக்ஸ் 4060 கார்ட் வாங்கிப் போட்டேன். ஆனால் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 கேமில் பழைய கார்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

1080பி திரைத் தெளிவில் கார்டின் பயன்பாடு 55 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. அதைவிடக் கூடிய 1440பி-க்கு மாற்றினாலும் அதே பிரேம்தான் வருகிறது. அப்படியென்றால் கார்ட் புரொசசருக்காகக் காத்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? புகைக்குண்டு வெடித்து நாலைந்து பேர் ஒரே இடத்தில் சுடும்போது படம் திக்கித் திக்கி நகர்கிறது. அந்த நொடியில்தான் ஒவ்வொரு முறையும் சாகிறேன், மனசே விட்டுப்போகிறது.

பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் பவர் சப்ளையை மாற்றச் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

இன்னொரு ராம் ஸ்டிக் போட்டு டூயல் சேனல் (இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்வது) ஆக்கினாலே போதுமா? இல்லை, பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு இதே போர்டில் ரைசன் 5700எக்ஸ்3டி புரொசசர் போடுவதா? அதில் எல்3 கேஷ் (புரொசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 96 எம்பி, என்னுடையதில் 32தான். இரண்டையும் சேர்த்துச் செய்யக் கையில் காசில்லை. இதே புரொசசர், கார்ட் ஜோடியை வைத்திருப்பவர்கள் எதை முதலில் மாற்றினீர்கள், எவ்வளவு ஏறியது என்று சொல்லுங்கள். பாவித்த புரொசசர் வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்றும் சொன்னால் பெரிய உதவி.