சுசீந்திரம் கோபுரத்தில் பைரி

சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலில் பைரி என்ற வேட்டைப் பறவையைப் பார்க்கப் போகிறவர்கள் பைரியைத் தேடாதீர்கள், புறாக்களைக் கவனியுங்கள். கோபுரத்தில் அடைய வேண்டிய நேரத்தில் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பித் தெப்பக்குளத்துக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தால், உடனே அண்ணாந்து கலசங்களைப் பாருங்கள். சென்ற மார்கழியில் எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

கலச வரிசையின் ஓரத்தில், காகம் அளவுக்கு ஒரு பறவை. பைனாகுலரில் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. தலை கருப்பு, கன்னத்தில் இறங்கும் அகலமான கரும்பட்டை, வயிற்றில் செங்காவி. வடதுருவப் பக்கமிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வரும் பைரிக்கு அடிப்பகுதி வெளுத்து, குறுக்குக் கோடுகளோடு இருக்கும். இது நம் ஊரிலேயே வாழும் பைரி வகையான ஷாஹீன். செங்குத்துப் பாறைகளில் கூடு வைக்கும் பறவை, 134 அடி கோபுரத்தை விடுமா?

மாலையில் அது இளைப்பாற உட்காருகிறது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடம்பு அசையவில்லை, தலை மட்டும் ஓயாமல் திரும்பிக்கொண்டிருந்தது. வெளிச்சம் மங்கி, கோபுர இடுக்குகளிலிருந்து வௌவால்கள் வரத் தொடங்கியதும் பாய்ந்தது. முதல் பாய்ச்சலில் வௌவால் தப்பிவிட்டது. ஒரு வட்டம் போட்டுத் தாழ்வாக விரட்டிவந்து, குளத்துக்கு மேல் ஒன்றைக் காலில் பற்றியது. உயரத்திலிருந்து இறக்கை மடக்கி இறங்கும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் பறவைதான். ஆனாலும் அந்த விரட்டலில் இருந்த பொறுமைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா, "பிராந்துதானே மக்கா?" என்றார், பருந்தைச் சொல்கிறார். பைனாகுலரைக் கொடுத்தேன். வெகுநேரம் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

வீட்டுத் தோட்டங்களில் அடிக்கடி வரும் வல்லூறோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் இறக்கை குட்டையாக, நுனி உருண்டிருக்கும். கண் மஞ்சள் அல்லது சிவப்பு. பைரிக்கு இறக்கை நீண்டு கூர்மையாக இருக்கும், கண் கருமை.

அப்புறம், தயவுசெய்து படம் எடுக்க ட்ரோன் விடாதீர்கள். குளக்கரையிலிருந்தே நன்றாகத் தெரிகிறது.

நாகர்கோவில் செல்போன் டவர்களிலோ ஆரல்வாய்மொழி காற்றாலைகள் பக்கமோ பார்த்தவர்கள் இருந்தால், எந்த மாதம், எத்தனை மணிக்கு, எதைப் பிடித்தது என்று சேர்த்து எழுதுங்கள்.