மாஸ்த் ஓ கியார் அரை மணி நேரத்தில் நீர்த்துப்போகிறது, கசக்கிறது: உதவுங்களேன்

கேட்டவர்:
துபாயில் இருக்கிறேன். இங்கே ஈரானிய உணவகத்தில் கபாபுக்குத் துணையாக ஒரு சின்னக் கிண்ணத்தில் மாஸ்த் ஓ கியார் வைப்பார்கள். வெள்ளரியும் புதினாவும் போட்ட தயிர்தான். ஆனால் கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்கும், புதினா வாசனை தூக்கலாக இருக்கும். நான் அரைக் கிலோ சாதாரணக் கடைத் தயிரில் ஒரு பெரிய வெள்ளரியைத் துருவிப் போட்டு, உப்புச் சேர்த்து, ஒரு கைப்பிடி பச்சைப் புதினாவை அரைத்துக் கலக்கினேன். கலந்தவுடன் நன்றாகத்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் ஓரமெல்லாம் தண்ணீர், நிறம் அழுக்குப் பச்சை, கடைசியில் ஒரு கசப்பு வேறு. சனிக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள். தயிரை மாற்ற வேண்டுமா?

ஷிராஸ் மருமகள்:
தயிர் பாதிக் காரணம்தான். முதலில் புதினாவைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் சிக்கலில் பெரியது அதுதான். இதற்குப் பச்சைப் புதினாவை அரைக்கவே கூடாது. அரைபட்டுக் காற்றுப் பட்டதும் கறுத்துவிடும், கசப்பும் வரும். என் மாமியார் வீட்டில் காய்ந்த புதினாதான். அதையும் பொடியாக வாங்காமல் இலையாக வாங்குங்கள். இரண்டு டீஸ்பூன் எடுத்து, கிண்ணத்துக்கு மேலே உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேயுங்கள். வாசனை குப்பென்று எழும்பும், காம்பு மட்டும் கையில் தங்கும், அதை எறிந்துவிடலாம். தயிரில் விழுந்த இலை ஈரம் இழுத்து மணத்தை விட இருபது நிமிஷமாவது வேண்டும்.

தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃபிரிட்ஜுக்குள் ஒரு வடிகட்டியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். தண்ணீர் இறங்கி கெட்டியாகிவிடும். ஈரானில் இப்படி வடித்த தயிரையே மாஸ்த்-எ செக்கிதே என்று கடையில் விற்பார்கள். துபாயில் ஈரானியக் கடை பக்கத்தில் இருந்தால் கிடைக்கும், கட்டுகிற வேலை மிச்சம்.

ஆர்.கே.:
வெள்ளரியைத் துருவி உப்புப் போட்டுப் பிசிறி, பத்து நிமிஷம் கழித்து ஒட்டப் பிழிந்துவிட்டால் போதுமே. நம் பச்சடிக்கு அப்படித்தான் செய்வேன்.

ஷிராஸ் மருமகள்:
தண்ணீர் விடுவது நிற்கும், சரிதான். ஆனால் பிழிந்த வெள்ளரி துவண்டுபோகும். கடிக்கும்போது நறுக்கென்று இருக்க வேண்டும், இந்தக் கிண்ணத்தின் சுகமே அதுதான். துருவாதீர்கள். விரல் நீளத்தில், தோல் மெல்லிசாக இருக்குமே, அந்தச் சின்ன வெள்ளரியை வாங்கி, தோலோடு பட்டாணி அளவுக்குப் பொடியாக நறுக்குங்கள். அதில் விதையும் நீரும் குறைவு. பெரிய வெள்ளரிதான் கிடைத்தது என்றால் நடுவில் இருக்கும் விதைச் சதையைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். காம்புப் பக்கத்து நுனியை வெட்டி வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயே வேண்டாம். உங்கள் கசப்பில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

உப்பு கடைசியில்தான். உப்புப் பட்டதும் வெள்ளரி தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். தயிரில் புதினாவை மட்டும் கலந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது வெள்ளரியும் உப்பும் சேர்த்து இரண்டு சுற்று கலக்கினால் போதும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா. உணவகத்தில் மேலே வால்நட், காய்ந்த திராட்சை, ரோஜா இதழ் எல்லாம் இருந்தது. அவசியமா? பூண்டு உண்டா?

ஷிராஸ் மருமகள்:
விருந்துக்கு என்றால் போடுங்கள், ரொம்ப அழகாக இருக்கும். வால்நட்டைப் பொடியாக உடைத்து மேலே மட்டும் தூவுங்கள். உள்ளே கலந்து வைத்தால் அதன் தோலில் உள்ள துவர்ப்பு இறங்கித் தயிர் சாம்பல் நிறமாகிவிடும். திராட்சை புளிப்புக்கு எதிரே இனிப்பாக நிற்கும், ஒரு கைப்பிடி போதும். ரோஜா இதழ் சமையலுக்கென்று விற்பதாக இருக்க வேண்டும். பூக்கடை ரோஜாவில் மருந்து அடித்திருப்பார்கள். சதகுப்பைக் கீரை கிடைத்தால் கொஞ்சம் நறுக்கிச் சேர்க்கலாம். பூண்டு சிலர் வீட்டில் உண்டு, சிலர் வீட்டில் இல்லை. போட்டால் ஒரு சின்னப் பல் போதும். பச்சைப் பூண்டு நேரமாக ஆகக் காரம் ஏறும்.

கடுகு தாளித்துக் கொட்டிவிடாதீர்கள், எலுமிச்சையும் வேண்டாம். தயிர்ப் புளிப்பே போதும்.

ஆர்.கே.:
அங்கே வெங்காயம் மாதிரி ஒன்று போட்டும் தயிர் வைப்பார்களே?

ஷிராஸ் மருமகள்:
அது மாஸ்த்-ஓ மூசீர், வேறு கிண்ணம். மூசீர் மலையில் விளைகிற ஒரு காட்டு வெங்காய வகை. காய்ந்த சீவலாக விற்பார்கள். ராத்திரி முழுக்க ஊறவைத்து, இடையில் தண்ணீரை மாற்றிவிட்டுத்தான் தயிரில் போட வேண்டும், இல்லையென்றால் கசக்கும். சனிக்கிழமைக்கு இரண்டையும் வைக்கலாம், லவாஷ் ரொட்டியோடு.

கேட்டவர்:
இன்று கொஞ்சமாகச் செய்து பார்த்தேன். வடித்த தயிர், காய்ந்த புதினா, உப்பு கடைசியில். கரண்டியில் நிற்கிறது! மீந்துபோனால் மறுநாள் வைக்கலாமா?

ஷிராஸ் மருமகள்:
மறுநாள் எப்படியும் தண்ணீர் விட்டிருக்கும், அதைக் கெட்டியாக்க மெனக்கெடாதீர்கள். குளிர்ந்த தண்ணீரும் ஐஸும் விட்டுக் கரைத்து, இன்னும் கொஞ்சம் வெள்ளரி நறுக்கிப் போட்டு, காய்ந்த ரொட்டியை ஒடித்துப் போட்டு உடனே குடியுங்கள். ஆப்தூக் கியார் என்று கோடையில் மத்தியானச் சாப்பாடே அதுதான். துபாய் வெயிலுக்கு நன்றாக இருக்கும்.