0-3ல இருந்து எழும்பின சீரிஸ்: நீங்க பாத்தது, கேட்டது, பட்டது

ஸ்காபரோக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா எங்கட ரொறொன்ரோ ஐஸ் ஹொக்கி ரீம் லீஃப்ஸ் தோத்த கதையளைத்தான் எல்லாரும் எழுதுறியள். 2013ல பொஸ்ரனோட சீரிஸ்ல (ஏழு கேமில நாலை முதல்ல வெல்லுற ரீமுக்குத்தான் சீரிஸ்) கடைசிக் கேம் 7ல 4-1 முன்னுக்கு நிண்டு ஓவர்டைம்ல பறிகுடுத்தது, 2021ல மொன்றியலோட சீரிஸ்ல 3-1 எண்டு நிண்டு கடைசி மூண்டையும் தொடர்ந்து விட்டது, எல்லாம் எனக்கும் நெஞ்சுக்குள்ள கிடக்குது. ஆனா மற்றப் பக்கக் கதை ஒண்டு சொல்லோணும். ஸ்ரான்லி கப் எண்ட சம்பியன் கப்புக்கான ஃபைனல்ல முதல் மூண்டு கேமையும் தோத்து 0-3 எண்டு கிடந்து, நாலு கேமையும் வரிசையா வெண்டு கப் எடுத்த ஒரே ரீம் இண்டைக்கு வரைக்கும் எங்கட லீஃப்ஸ் தான். 1942.

நான் அதைப் பாத்திருக்க ஏலாது. எனக்கு அது கிடைச்சது 98ல. கனடாவுக்கு வந்து முதல் வேலை ஒரு பெட்டி செய்யிற ஃபக்டரியில, இரவு ஷிஃப்ற். என்ர மெஷினுக்கு அடுத்த மெஷின்ல ஒரு வெள்ளைக்காரக் கிழவர், அறுபத்தஞ்சு வயசிருக்கும், பிரேக்குக்குப் போனா தன்ர ஃபிளாஸ்க்ல இருந்து எனக்கும் ரீ ஊத்தித் தருவார். எனக்கு இங்கிலிஷ் மட்டு மட்டு, ஹொக்கி சுத்தமாத் தெரியாது, பந்து எங்க போகுதெண்டே விளங்கேல்ல எண்டு சொன்னன், பந்தில்லையடா அது பக் எண்டு திருத்தினவர் அவர்தான். ஒரு நாள் விடியப்புறம் மூண்டு மணி இருக்கும், நான் வந்த புதுசில வீட்டில ஒரு பிரச்சினை, ஏஜென்சிக்குக் குடுத்த காசு, ஊரில தங்கச்சி, எல்லாம் சேர்ந்து முகம் இருண்டு போய் இருந்தனான் போல. மனுசன் ஒண்டும் கேக்கேல்ல. கீழ கிடந்த ஒரு கார்ட்போர்ட் துண்டை எடுத்து மார்க்கரால ஏழு கட்டம் கீறினார். முதல் மூண்டுக்கும் புள்ளடி போட்டார். பிறகு என்னைப் பாத்து, இனி ஒண்டு தோத்தாலே எல்லாம் முடிஞ்சுது எண்டு கையால காட்டினார்.

1942ல அவருக்கு ஒன்பது வயசாம். யுத்த காலம். ஃபைனல்ல டெற்றொய்ற் ரெட் விங்ஸ், 3-2, 4-2, 5-2 எண்டு மூண்டையும் எடுத்துப்போட்டினம். டெற்றொய்ற் மனேஜர் ஜாக் அடம்ஸின்ர வித்தை என்னெண்டா, பக்கைக் கொண்டுபோக மினக்கெடாம லீஃப்ஸ்ட மூலைக்கு அடிச்சுப்போட்டு ஆக்களை விட்டுத் துரத்திறது. லீஃப்ஸ்ட பின்வரிசை ஆக்கள் திரும்பி ஓடுறதுக்குள்ள அவங்கள் பாய்ஞ்சிடுவாங்கள். லீஃப்ஸ் கோச் ஹாப் டே என்ன செய்தார் எண்டா, ரீமின்ர பெரிய ஸ்கோரர் கோர்டி ட்ரில்லனையும் டிஃபென்ஸ்ல பக்கோ மக்டொனால்டையும் வெளிய இருத்தினார். நினைச்சுப் பாருங்கோ, ஒரு கேம் தோத்தா எல்லாம் முடிஞ்சுது எண்ட நிலையில கூட கோல் அடிக்கிறவனை பெஞ்சில இருத்த எவ்வளவு நெஞ்சு வேணும். வேகமா ஓடக்கூடிய டொன் மெற்ஸ் உள்ளுக்கு வந்தார், பேர் பெரிசா இல்லாத பெடியன். ஒரு பதினாலு வயசுப் பிள்ளை எழுதின கடிதத்தை கோச் ட்ரெஸ்ஸிங் ரூமில வாசிச்சுக் காட்டினவர் எண்டும் சொல்லுவினம்.

கேம் 4, டெற்றொய்ற்றில, 4-3. வெண்ட கோல் டொன்னின்ர தமையன் நிக் மெற்ஸ். அந்த மட்ச் முடிய ஜாக் அடம்ஸ் ஐஸுக்குள்ள இறங்கி றெஃபரியோட கைகலப்பு, மனுசனை சஸ்பென்ட் பண்ணிப்போட்டினம். கேம் 5 9-3, அதில டொன் மெற்ஸ் மூண்டு கோல். கேம் 6 3-0, கோல் காக்கிற கோலி ரேர்க் ப்ரோடா ஒண்டையும் விடேல்ல. கிழவர் ஒவ்வொண்டுக்கும் ஒரு சரி அடையாளம் போட்டுக்கொண்டே வந்தார்.

கேம் 7, சித்திரை 18, சனிக்கிழமை, மேப்பிள் லீஃப் கார்டன்ஸ்ல. பதினாறாயிரத்துக்கு மேல சனம். அவர் குசினியில றேடியோவுக்குப் பக்கத்தில, மட்சை வர்ணிக்கிற ஃபொஸ்ரர் ஹியூவிற்றின்ர குரல். டெற்றொய்ற் முதல் கோல். மூண்டாவது பீரியட் தொடங்கேக்கையும் 0-1. தாய் போய்ப் படு எண்டு சொல்ல, இவர் மேசைக்குக் கீழ ஒளிச்சவராம். பிறகு ஸ்வீனி ஷ்ரைனர், பீற் லாஞ்செல், திரும்ப ஷ்ரைனர். 3-1. ஏழாவது கட்டத்துக்குச் சரி போட்டுப்போட்டு கார்ட்போர்ட்டை என்ர கையில தந்தார். சங்கு அடிச்சுது, மெஷினுக்குத் திரும்பிப் போனம்.

கொலிஜ் ஸ்ரேசனுக்குக் கிட்ட அந்தக் கட்டடம் இப்ப லொப்லாஸ் கடை, தெரியும்தானே. சாமான் றாக்கைகளுக்கு நடுவில நிலத்தில ஒரு சிவப்பு வட்டம் இருக்கு, அதுதான் ஐஸின்ர நடு. சனம் அதுக்கு மேல வண்டிலைத் தள்ளிக்கொண்டு போகுது. நான் போனா ஒருக்கா நிண்டுதான் வருவன். உங்கட கதையளையும் எழுதுங்கோ.

சுறா ரசிகன்:

அண்ணா, படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். உங்க கதைல டெட்ராய்ட் பக்கம் இருந்தவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்கு தெரியும், ஏன்னா 2014ல நான் அந்தப் பக்கம்.

சான் ஹோசே வந்து மூணு வருஷம், ஆபீஸ்ல எல்லாரும் அந்த ஊர் ஹாக்கி டீம் ஷார்க்ஸ் ஜெர்சி, நானும் ஒட்டிக்கிட்டேன். முதல் ரவுண்ட், எதிர்ல லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ். எங்க பக்கம் 6-3, 7-2, மூணாவது ஓவர்டைம்ல மார்லோ அடிச்சு 4-3. மூணே கேம்ல 17 கோல், அதுவும் ஜோனதன் குவிக் மாதிரி ஒரு கோலிக்கு எதிரா. நாலாவது எல்ஏல தோத்தப்ப ஒருத்தரும் கவலைப்படல, நல்லதுதான், நம்ம ஊர்லயே முடிப்பாங்கன்னு நாங்க நாலு பேர் சேந்து சனிக்கிழமை கேம் 5க்கு டிக்கெட் எடுத்தோம்.

ஷார்க்ஸ் ஆளுங்க ஒரு பெரிய சுறா தலை வாய்க்குள்ள இருந்து ஐஸ்ல இறங்கி வருவாங்க, லைட் அணைச்சு புகை விட்டு, மொத்த ஹாலும் கத்தும், அது மாதிரி ஒரு சத்தத்த நான் கேட்டதே இல்ல. எனக்கு பக்கத்து சீட்ல ஒரு வயசான அம்மா, வருஷா வருஷம் சீசன் டிக்கெட்டாம், மடில ஷார்க்ஸ் கலர்ல நூல் உருண்டை, பின்னிக்கிட்டே மேட்ச் பாக்கறாங்க. விளாசிச்சுக்கு அடி, வெளிய போனாரு, எங்களோட முக்கியமான டிஃபென்ஸ் ஆளு, கேம் 6, 7 ரெண்டுலயும் வரல. கிங்ஸ் ஒண்ணு ஒண்ணா போட ஆரம்பிச்சாங்க. குவிக் எல்லாத்தையும் நிறுத்துறாரு. ஒரு கட்டத்துல ஹால் எவ்ளோ அமைதியாச்சுன்னா பக் அவர் பேட்ல படுற சத்தம் எங்க வரிசை வரைக்கும் தெளிவா கேட்டுச்சு. மூணாவது பீரியட்ல அந்த அம்மா நூல சுத்தி பைக்குள்ள வச்சுட்டு, புதன்கிழமை திரும்ப வரணும் போல இருக்குப்பான்னு சொன்னாங்க. எனக்கு உடனே புரியல, பார்க்கிங்ல வந்து தான் உறைச்சுது. புதன்கிழமைன்னா கேம் 7. அவங்க கேம் 6க்கு நம்பிக்கையே வைக்கல.

அவங்க நெனச்ச மாதிரியே கேம் 5 3-0, கேம் 6 4-1, ரெண்டும் கிங்ஸுக்கு, அப்புறம் புதன்கிழமை கேம் 7 வீட்ல டிவில. ஷார்க்ஸ் தான் முதல்ல போட்டாங்க, எனக்கு உசுரு வந்த மாதிரி இருந்துச்சு, அப்புறம் கிங்ஸ் வரிசையா அஞ்சு, 5-1. அன்னைக்கு ராத்திரி கணக்கு போட்டுப் பாத்தேன், முதல் மூணு கேம்ல 17 கோல் அடிச்ச டீம் கடைசி நாலு கேம்ல மொத்தமே 5. ஆளுங்க பெருசா மாறல, மைதானமும் அதேதான், ஆனா ஒவ்வொரு கேமுக்கும் எங்க பசங்க ஸ்டிக் பிடிக்கிற பிடியே இறுகிக்கிட்டு போன மாதிரி எனக்கு தோணுச்சு. கிங்ஸ் அதோட நிக்கல, அனாஹைம், சிகாகோ ரெண்டையும் கேம் 7லயே, அதுவும் எதிராளி ஊர்லயே ஜெயிச்சு கப்பையும் தூக்கிட்டாங்க.

ஆனா அதே ஹால்ல தான் 2019ம் நடந்துச்சு. வேகாஸோட சீரிஸ், 1-3ல இருந்து 3-3 ஆக்கி கேம் 7, மூணாவது பீரியட்ல 0-3. எங்க கேப்டன் பவெல்ஸ்கி கீழ விழுந்து தலைல ரத்தம், தூக்கிட்டுப் போனாங்க, வேகாஸுக்கு அஞ்சு நிமிஷ பெனால்டி. அந்த ஒரே பவர் பிளேல, அதாவது எதிராளிக்கு ஒரு ஆள் கொறைச்சலா இருந்த நேரத்துல, நாலு கோல், நாலு நிமிஷ சொச்சத்துல. குழந்தை தூங்குதுன்னு நானும் வைஃபும் வாய பொத்திக்கிட்டு குதிச்சோம். வேகாஸ் கடைசி நிமிஷத்துல 4-4 ஆக்கி, ஓவர்டைம்ல குட்ரோ போட்டு 5-4. அந்த நூல் அம்மா ஹால்ல இருந்தாங்களான்னு தான் எனக்கு முதல்ல நெனப்பு வந்துச்சு.

எடிசன் தம்பி:

2010 ஃபிலடெல்பியாவ யாரும் சொல்லலையே. காலேஜ் படிக்கிறப்ப ரூம்மேட் ஃபிளையர்ஸ் வெறியன். பாஸ்டன்கிட்ட 0-3, கால் விரல் உடைஞ்சு வெளிய இருந்த சைமன் காக்னே கேம் 4க்கு திரும்பி வந்து ஓவர்டைம்ல கோல். கேம் 5ல கோலி பூஷேக்கு முட்டி போச்சு, லெய்டன் உள்ள வந்தாரு, ரெண்டு பேரும் சேந்து ஒரு கோல் கூட விடல. கேம் 7 பாஸ்டன்ல, முதல் பீரியட்லயே திரும்பவும் 0-3, சீரிஸ்லயும் 0-3 பாத்தாச்சு மேட்ச்லயும் 0-3. கோச் லாவியோலெட் டைம்அவுட் எடுத்தாரு. ரூம்மேட் எழுந்து போய் பாத்திரம் கழுவ ஆரம்பிச்சிட்டான், முதல் கோல் விழுந்தப்ப சோப்புக் கையோட ஓடி வந்தவன் மேட்ச் முடியுற வரைக்கும் கை கழுவல. 4-3, ஜெயிச்ச கோல் திரும்பவும் காக்னே, பாஸ்டன் ஐஸ்ல ஆள் ஒண்ணு கூடுதலா இறக்கி வாங்கின பெனால்டில. ஃபைனல்ல சிகாகோகிட்ட தோத்தாங்க, அது வேற.

பனிக்காட்டு அம்மா:

தம்பிகளா, நான் எட்மன்டன்ல முதியோர் இல்லத்துல வேலை பாக்கறேன். நீங்க எல்லாரும் முழுசா திரும்பி வந்த கதை சொல்றீங்க, நான் முக்காவாசி திரும்பி வந்த கதைய சொல்றேன், எனக்கு அதுதான் கெடச்சுது.

2024 ஜூன், எங்க ஊர் டீம் ஆயிலர்ஸும் ஃப்ளோரிடா பேந்தர்ஸும் ஃபைனல். 0-3. கேம் 4 அன்னைக்கு சனிக்கிழமை, எனக்கு ஈவினிங் ஷிஃப்ட், எங்க இல்லத்துல ஒரு தாத்தா, பேச்சு சரியா வராது, ஸ்ட்ரோக் வந்தவரு, கழுத்துல ஆரஞ்சு துண்ட கட்டி விடச் சொல்லி கைய காட்டுனாரு. நான் கட்டி விட்டேன். 8-1. ஒவ்வொரு கோலுக்கும் அவரு நல்ல கையால கட்டில் கம்பிய தட்டுவாரு, எட்டு தடவ தட்டுனாரு. கேம் 5 ஃப்ளோரிடாலயே போய் 5-3, எங்க மெக்டேவிட் ரெண்டு கேம்ல எட்டு பாயிண்ட் (அடிச்ச கோலும், கோலுக்கு குடுத்த பாஸும் சேத்து). கேம் 6 நம்ம ஊர்ல 5-1. அன்னைக்கு வேலை முடிஞ்சு பஸ்ல வரேன், ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் போகல எங்க ஊர்ல ஜூன்ல, ரோடு முழுக்க கார்ல கொடி, தெரியாதவங்க எல்லாம் ஜன்னல் வழியா கைய நீட்டி கைய தட்டிட்டு போறாங்க. இருபது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், இது நம்ம ஊருன்னு எனக்கு அன்னைக்கு தான் முழுசா தோணுச்சு.

கேம் 7, 2-1 தோத்தோம். ஒரே ஒரு கோல். கடைசி நிமிஷங்கள்ல பக் அவங்க கோல் வாசல்லயே கெடந்து புரண்டுச்சு, உள்ள போகல. தோத்த டீம்ல இருந்தும் மெக்டேவிட்டுக்கு தான் பிளேஆஃப் முழுசுக்கும் சிறந்த ஆட்டக்காரர் விருது குடுத்தாங்க, அவரு வாங்க வெளிய வரவே இல்ல. எம்மவன் பன்னெண்டு வயசு, ஏம்மா வரலன்னு கேட்டுட்டு அழறான். தாத்தா அழல. அந்த ஆரஞ்சு துண்ட அவுக்க போனேன், வேணாம்னு கைய பிடிச்சுக்கிட்டாரு, மறுநாள் காலைல வரைக்கும் கழுத்துல தான் இருந்துச்சுன்னு மார்னிங் ஷிஃப்ட் பொண்ணு சொன்னா.

200 தடவைக்கு மேல டீமுங்க 0-3ல மாட்டியிருக்காம், முழுசா வந்தது நாலே நாலு. நாங்க அந்த நாலுல இல்ல. ஆனா அந்த ஒன்பது நாள வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்.

ஸ்காபரோக்காரன்:

அக்கா, உங்களுக்கு ஒண்டு சொல்லோணும், அந்தக் கிழவர் சொன்னதுதான், அண்டைக்கு எழுத விட்டுப்போட்டன்.

42ல அப்பிடித் தோத்த அதே டெற்றொய்ற்றும் லீஃப்ஸும் 45ல திரும்ப ஃபைனல். இந்த முறை லீஃப்ஸ் 3-0 முன்னுக்கு, கோலி ஃப்ராங்க் மக்கூல், வயித்தில அல்சரோட விளையாடின மனுசன், முதல் மூண்டு கேமிலயும் ஒரு கோல் கூட விடேல்ல. பிறகு டெற்றொய்ற் நாலு, அஞ்சு, ஆறு எண்டு மூண்டையும் எடுத்து 3-3 ஆக்கிப்போட்டுது. மூண்டு வருசத்துக்கு முன்னம் தங்களுக்கு நடந்ததைத் திருப்பிக் குடுக்கிற இடத்துக்கு வந்திட்டாங்கள். கேம் 7 அவங்கட ஊரிலயே. லீஃப்ஸ் வெண்டது. ஸ்கோர் என்ன தெரியுமே, 2-1. உங்கட ஸ்கோர் தான். அதுக்குப் பிறகு ஃபைனல்ல 0-3ல இருந்து கேம் 7 வரைக்கும் வந்த ரீம் 2024 எட்மன்டன் மட்டும் தான், இடையில 79 வருசம்.

கிழவர் 45ஐச் சொல்லேக்க லீஃப்ஸ் வெண்டதைச் சொல்லிச் சிரிக்கேல்ல. டெற்றொய்ற்றில தன்ர மச்சான்காரன் ஒருத்தன் இருந்தவன், அண்டைக்கு ராத்திரி அவனுக்கு ஒரு போஸ்ட்கார்ட் எழுதினனான் எண்டார். என்ன எழுதினீங்கள் எண்டு கேட்டன். மூண்டு புள்ளடி, மூண்டு சரி, ஏழாவது கட்டத்தை வெறுமையா விட்டனான் எண்டார்.

அந்தக் கார்ட்போர்ட் இன்னும் என்னட்ட இருக்கு, மார்க்கர் மண்ணிறமாப் போட்டுது. படம் எடுத்து நாளைக்குப் போடுறன், உங்கட மகனுக்குக் காட்டுங்கோ.