புகைப்படமா, கையெழுத்தா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஆகஸ்டில் மெட்ரோ டொராண்டோ கன்வென்ஷன் சென்டரில் நடக்கும், ரசிகர்கள் நடிகர்களை நேரில் சந்திக்கும் ஃபேன் எக்ஸ்போ விழாவுக்கு மகளைக் கூட்டிப் போகிறேன். 13 வயது. இரண்டு காதிலும் கேட்கும் கருவி போட்டிருக்கிறாள். அவளுக்கு உயிரான ஒரு நடிகர் வருகிறார். அவரைப் பென்சிலில் வரைந்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மூன்று மாதமாகக் காத்திருக்கிறாள்.

நுழைவுச் சீட்டு தனி, நடிகரோடு நின்று எடுக்கும் புகைப்படத்துக்குத் தனி, அவர் கையெழுத்துக்குத் தனி. எல்லாம் வாங்க என்னால் முடியாது. போன வருடம் வேறொரு விழாவில் புகைப்படத்துக்குத்தான் பணம் கட்டினோம். ஒன்றரை மணி நேரம் வரிசை. பையை ஓரமாக வை, இங்கே நில், பளிச்சென்று ஒரு வெளிச்சம், அடுத்த ஆள். பத்து நொடிகூட இருக்காது. கையில் வந்த 8க்கு 10 அங்குலப் படத்தில் பிள்ளை கண்ணை மூடியிருந்தாள். அங்கேயே கேட்டிருந்தால் மறுபடி எடுத்திருப்பார்களாம். நாங்கள் காருக்கு வந்த பிறகுதான் பார்த்தோம். வீடு வரும்வரை அவள் பேசவே இல்லை.

அதனால் கேட்கிறேன். கையெழுத்து மேசையில் ஒரு நிமிடமாவது முகம் பார்த்துப் பேச விடுவார்களா? உதட்டசைவைப் பார்த்துத்தான் அவளுக்குப் பாதி புரியும். அவள் வரைந்த படத்திலேயே கையெழுத்து வாங்கலாமா? காது கேளாத பிள்ளைகளுக்கு ஏதாவது ஏற்பாடு உண்டா, யாரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்? அப்புறம், நடிகர் கடைசி நேரத்தில் வராமல் போய் யாருக்காவது பணம் திரும்பக் கிடைத்ததா?

புகைப்படம்தான் நல்லது என்றால், ஒரே சீட்டில் நானும் அவளோடு நிற்கலாமா என்பதையும் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் சீட்டு வாங்கியாக வேண்டும்.